மூலைக் கட்டடத்துக்காக நான் பேசிய பேச்சு

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான். உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை, அதனால் வீடும் அமைதியாக இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் பாய்வாய், நான் சமாளிக்கப் பார்ப்பேன், கடைசியில் தப்பு முழுக்க நகராட்சி தலையில் போய் விழும். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயம் இதுதான். மூலைக் கட்டடம் நமக்குக் கிடைக்காது. சலவை மெஷின்களை வண்டியில் ஏற்றாதே.

உன் சலவைக் கடை இருக்கிற இடத்தின் சொந்தக்காரர் தன் மகனுக்கு இடம் வேண்டும் என்று உன்னைக் காலி பண்ணச் சொன்னதும் மார்தட்டியது நான்தான். நம்ம தெருமுனையில் நகராட்சிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, பழைய தெருவுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் போகிறார்களாம், அதைச் சீர்செய்து வாடகைக்கு விடுவதா, இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடமாக்குவதா என்று எங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம், நீ கவலையை விடு, பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசினேன். அதனால் வந்த வினைதான் இதெல்லாம்.

என் தொழில் உனக்குத் தெரியும். பழைய மரச்சாமான் வாங்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், எது மனசுக்குப் பிடிக்கிறதோ அதைத்தான் நான் வாய் வலிக்கக் குறை சொல்வேன். கட்டிலைப் பார்த்தால் பூச்சி அரித்திருக்கிறது, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் கால் ஆடுகிறது, பீரோவைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது. வேண்டாத சாமானை ‘நல்ல பொருள், பத்திரமா வெச்சுக்குங்க’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கூட, பையன் தங்கம் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அதனாலேயே அவர் அப்பாவிடம் ‘காது கொஞ்சம் பெரிசா இருக்கே’ என்று ஆரம்பித்து, அந்த மனுஷன் எழுந்து செருப்பைத் தேடும் வரைக்கும் போய்விட்டேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் எங்களை எல்லாம் தெருவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நகராட்சியில் புதுசாகச் சேர்ந்த பொண்ணு ஒருத்தி, படித்தவள், மரியாதையானவள், நாங்கள் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டே வந்தாள். மூலைக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கை பரபரத்தது. சுவரைத் தட்டினேன், படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டினேன், தரையில் காலை ஓங்கி வைத்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘இதுல மனுஷன் நிக்க முடியாதும்மா’ என்றேன். எவ்வளவு மோசம் என்று சொல்கிறோமோ அவ்வளவு நிறையப் பணம் ஒதுக்கிச் சீர்செய்வார்கள், வாடகையும் அடங்கி வரும் என்பது என் கணக்கு.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். சுவரில் தெருவின் பெரிய வரைபடம். ஆளுக்குக் கொஞ்சம் வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பிடித்த இடத்தில் பச்சை, பிடிக்காத இடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும். பச்சையை ஒட்டுவது, நமக்கு வேண்டும் என்று முதலிலேயே உளறிவிடுவது போல அல்லவா? நான் நேராகப் போய் மூலைக் கட்டடத்தின் நெற்றியில் சிவப்பை ஒட்டினேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மருந்துக் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் சிவப்பு ஒட்டினால் அதில் ஏதோ லாபம் இருக்கிறது என்று அவரும் ஒரு சிவப்பு. அவரைப் பார்த்து முடிவெட்டுகிறவர். நம்ம தெருவில் யார் பிறவி ஏமாளி? கொஞ்ச நேரத்தில் வரைபடம் அம்மை வந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. பச்சை ஸ்டிக்கர் எல்லாம் அட்டையோடு அப்படியே நாற்காலி மேல் கிடந்தது.

அப்புறம் வாய்திறந்து பேசச் சொன்னார்கள். நான் மூலைக் கட்டடத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டேன். மருந்துக் கடைக்காரர் விடுவாரா, தெருவில் எலித்தொல்லை தாங்கவில்லை, என் மாத்திரைகளைத் தின்றுவிட்டு எலிகள் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கின்றன என்றார். முடிவெட்டுகிறவர், கூரைக்காரை பெயர்ந்து ஒரு வாடிக்கையாளர் தலையில் விழுந்தது, நல்லவேளை அவருக்கு முடி அடர்த்தி என்றார். அந்த ஆள் முழு வழுக்கை, எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் அவர்கள் இரண்டு சொல்ல, எனக்கும் ரோஷம் வந்து, அந்தக் கட்டடம் இருக்கிறதைவிட இல்லாமலிருப்பதே மேல் என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். விட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

அந்தப் பொண்ணின் மேலதிகாரி எழுந்தார். இவ்வளவு வெளிப்படையாகப் பேசினதற்கு ரொம்ப நன்றி, உங்களில் யாருக்குமே இந்தத் தெரு பிடிக்கவில்லை என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது, முதலில் மூலைக் கட்டடத்தை இடிக்கச் சிபாரிசு செய்கிறோம் என்றார். நான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

“சார், நான் விலை பேசினேன்.”

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “இங்க யாரும் எதையும் விக்கலையே, ஐயா” என்றார்.

வெளியே வந்தோம். முடிவெட்டுகிறவர் என்னைப் பார்க்காமல் போனார். வீட்டில் உன் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அந்தப் புள்ள உங்கள நம்பி உக்காந்திருக்காளே’ என்றாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசினது அதுதான்.

எதிர்க்கடையில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன் தங்கச்சி. மழை வந்தால் தெருவே அதன் முகப்புக்குக் கீழேதான் ஒதுங்கும். தரையில் ஒரு விரிசல் கிடையாது, உன் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் அதிராது. துணி காயப்போட மேலே மொட்டைமாடி, நாள் முழுக்க வெயில். இதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அங்கே சொல்லியிருக்கலாம். வரல. அன்னைக்கு நான் போட்டிருந்தது நீ வெளுத்துக் குடுத்த சட்டைதான். காலர் விறைப்பா நின்னுச்சு. அதையும் உன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. குறை இருந்தா மட்டும் தவறாம சொல்லியிருக்கேன்.

அதனால் நீ அங்கேயே இரு. உன் இடத்துச் சொந்தக்காரருக்கு நானே போன் போட்டுக் கெஞ்சினேன். மகனுக்கு முன்பக்கம் போக, பின்பக்கத்து அறையை உனக்கு விடுகிறாராம். காற்றே வராத அறை என்று தெரியும். இந்த முறை நான் குறை சொல்லவில்லை, சரி என்றுவிட்டேன். இந்தத் தெருவை இனி நம்பாதே.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறையட்டும். உனக்கு என்மேல் கோபம் வரட்டும், வந்து சீக்கிரம் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுத்தள்ளு. கவரை ஒட்டப்போகிற நேரம் அந்த நகராட்சிப் பொண்ணு கடைக்கு வந்தாள். ‘ஐயா, அந்தக் கட்டடம் உங்களுக்கு வேணுமா?’ என்று நேராகக் கேட்டாள். ‘எங்கப்பா பழைய வண்டி வாங்கி விக்கிறவர். வேண்டாத வண்டியப் பத்தி அவர் இவ்வளவு நேரம் பேசமாட்டார்’ என்றாள். முடிவெடுக்கும் முன் இன்னொரு கூட்டம் போட மேலதிகாரியைச் சம்மதிக்க வைத்திருக்கிறாளாம். வந்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமாம், சொன்னால் மாறலாம், மாறாமலும் போகலாம் என்றாள். உன் அண்ணியை எதிரே உட்கார வைத்து, கூட்டத்தில் பேச வேண்டியதைச் சொல்லிப் பழகிப் பார்த்தேன். ‘நல்ல கட்டடம்தான், ஆனா’ என்று ஆரம்பித்ததுமே அவள் மௌனத்தைக் கலைத்து, ‘நீங்க போகாதீங்க, அவள வரச் சொல்லுங்க’ என்றாள். எனவே நீயே வந்து பேசு. இடத்துச் சொந்தக்காரரிடம் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடு, மெஷின்களை ஏற்றிக்கொண்டே வா. கட்டடம் கிடைக்காவிட்டால் என் கடையில் பாதி உனக்கு. அதில் பேரம் இல்லை. பீரோக்களை நகர்த்த ஆரம்பித்துவிட்டேன்.