ஏரிக்கரை மண்டபத்துக்கு நான் அடித்த சுண்ணாம்பு

பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் ஆண்கள் கூட்டம் போடுவார்கள். வேலையைப் பெண்கள் தலையில் கட்டுவார்கள். எதற்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். (என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் படிக்கட்டும்.)

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தகராறு நடந்த சமயம். எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். நான் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எல்லை விசாரணைக்கு ஓர் அதிகாரி வரப்போகிறார், மதராஸோடு சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஊரே துடித்தது. ஊர்ப் பெரியவரான என் மாமனார் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஏரிக்கரை மண்டபத்தப் பாக்க வராரும்மா. பளிச்சுனு இருக்கணும்."

பளிச்சென்று வைக்க எனக்குத் தெரியாதா? நாலு பெண்களைத் திரட்டினேன். சுவரெல்லாம் கொத்திய அம்மி மாதிரி குழி குழியாக இருந்தது. ஒவ்வொரு குழியையும் விரலால் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். மேலே இரண்டு பூச்சு. கீழே காவிப் பட்டை.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மாமனார் புது வேட்டியில் முன்னால் நின்றார்.

"எங்க ஊரு எந்தக் காலத்துலேர்ந்து தமிழ் ஊருன்னு இந்தச் செவுரே சொல்லும், பாருங்க ஐயா!" என்று கையை நீட்டினார்.

சுவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்று நின்றது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கல்வெட்டு எங்கய்யா?"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எழுத்து கீற செவுத்துக்கா சுண்ணாம்பு அடிச்ச?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

"எழுத்து கீதுன்னு எவனாவது வாயத் தொறந்து சொன்னீங்களா? பளிச்சுனு கீதா இல்லியா?" என்று நானும் கத்தினேன். (மாமனார் எதிரில் நான் குரலெடுத்த முதல் நாள் அது.)

ஒருவர் அரிவாளால் சுரண்டப் போனார். அதிகாரி பாய்ந்து தடுத்தார். "கல்லுல இரும்பு படக்கூடாது! ஈரத் துணியால மேலாகத் துடைங்க."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே துடைத்தேன், அத்தனை ஆத்திரம். மேல்பூச்சு துணியோடு வந்துவிட்டது. குழிக்குள் நான் அடைத்த சுண்ணாம்பு அங்கேயே நின்றது. கறுத்த கல்லில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. மழையில் தேய்ந்துபோய், அதுவரை யாராலும் முழுதாக வாசிக்க முடியாத கல்வெட்டாம் அது! அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் துடைத்த இடத்தை உரக்க வாசித்தார். சுத்தமான தமிழ்:

இந்தக் கல்லுக்கு அழிவு செய்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்.

ஊர் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. எனக்கு மண்டபத் தூணுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு போனார். பிறகு எல்லைக் கோட்டைப் போட்டார்கள். திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். அதற்கு என் சுண்ணாம்புதான் காரணம் என்பவன் என் எதிரில் வந்து சொல்லட்டும். இன்று மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் நான்தான் அந்தச் சுவரைக் காட்டுகிறேன். எந்த வரி எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்குப் புது சம்பந்தி வந்தால் போதும், என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "கங்கைக்குப் போவாமலே காராம்பசுவக் கொன்னவ இவதான்!"

"கொன்னேன்," என்பேன். "அப்பறந்தானே உங்க ஊருக்கே அத்தப் படிக்கத் தெரிஞ்சுது?"