பழைய டிரைவர்களைக் குறைக்கப் போனேன்

அருள்புரம்,
14.6.2006

மரியாதைக்குரிய சென்னியப்பன் மச்சான் அவர்களுக்குத் தங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சாரதாமணியும் நலம். என் மானம்தான் கொஞ்சம் சுகமில்லை. ஃபோனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும் என்பதால் கடிதம்.

நம் கம்பெனியின் நாலு நிட்டிங் மெஷினுக்கும் தனித்தனியாக நாலு டிரைவர் புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் பெங்களூர் போனீர்கள் அல்லவா, போன மாதம் அவற்றைத் திறந்து பார்த்தேன், நாலாயிரத்து இருநூறு வரி, ஒரே விஷயம் நாலு இடத்தில், எனக்குக் கை அரித்தது. நேராக உங்கள் அப்பாவிடம் போய், "பழைய டிரைவருக எல்லாம் தண்டமுங்க மாமா, நாலை ஒண்ணாக்கிப் பாதியாக் குறைச்சுப் போடறனுங்க" என்றேன். "செய்யுங்க மாப்ளே" என்றார். ஜன்னலுக்கு வெளியே வேன் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் வீரணன் அண்ணன் காதில் அது விழுந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் கன்டெய்னர் ஏற்ற வேண்டிய நாள், ஷிப்டுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஆட்களை ஏற்றி வருகிற வேன் டிரைவர்கள் நாலு பேரும் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்!

வீரணன் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "பதினஞ்சு வருசமா வண்டி ஓட்டுறேன், நான் தண்டமாய்யா?" என்றார், கண் கலங்கியிருந்தது.

"ஐயோ, உங்களைச் சொல்லலீங்கண்ணா! கம்ப்யூட்டர் சொல்றதை மெஷினுக்கு எடுத்துச் சொல்ற புரோகிராமுங்க. அதுக்கும் டிரைவர்னுதான் பேருங்க."

"அது எத்தன வருசமா ஓடுது?"

"எட்டு வருசமுங்க."

"எங்கயாச்சும் இடிச்சிருக்கா?"

"இல்லீங்க."

"பெறகு எதுக்குய்யா அதப் போயி குறைக்கிறீக?"

கெஞ்சிக் கூட்டி வந்தேன். வேன்கள் வந்தன, மத்தியானத்துக்கு மேல். அப்போதாவது நான் விட்டிருக்கலாம் மச்சான், விடவில்லையே! நாலையும் சேர்த்தால் ஒரு மெஷின் ஊசியைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, இன்னொன்று ஒன்றிலிருந்து, மூன்றாவது ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சைத் தேவையில்லாத வரி என்று நான் எடுத்தேன், துணியெல்லாம் ஓட்டை. திரும்பப் போட்டேன். மூன்று வாரம் கழித்து எண்ணினால் ஐயாயிரத்து நூறு வரி. சாப்பிடும்போது மாமா, "பாதியாச்சுங்களா மாப்ளே?" என்றார். உங்கள் தங்கை ரசம் ஊற்றுகிற சாக்கில் சிரித்தாள்.

ஒப்புக்கொள்கிறேன். பழைய டிரைவரைத் திருத்தி எழுதினால் புரோகிராம் குறையாது, திருத்தினவனுடைய மரியாதைதான் குறையும். உங்கள் நாலையுமே திரும்பப் போட்டுவிடுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு. என்னைப் போல் வராமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கர்வம் குறைந்த உங்கள் வீட்டு மாப்பிள்ளை,
தங்கராஜ்

பி.கு.: கவர் ஒட்டுவதற்குள் சாரதாமணி என் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டாள். என் கெட்டிக்காரத்தனத்தை விளக்கி நடுநடுவே நான் எழுதியிருந்த குறிப்புகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேனாம். மெஷின் அவற்றைப் படிக்கவே படிக்காதாம். அந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்தாள். மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சம் வரிதான், நான் சொன்ன அதே பாதி, நாலு மெஷினும் ஜோராக ஓடுகின்றன. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.