மெஸ்ஸுக்குப் பாயிண்ட் பார்த்தவர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பாயிண்ட்டு அண்ணன்தான். பூமிக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போர்வெல் போட இடம் பார்ப்பது, அதாவது 'பாயிண்ட்டு' பார்ப்பது, அவர் தொழில். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு கொல்லையில் நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் எங்கள் வண்டி துளை போடும். நான் போர் வண்டியில் குழாய் மாட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வண்டி எங்கே நிற்கிறதோ அதுதான் என் ஊர்.

கல்வராயன் மலையில் ஒருமுறை அவர் காட்டிய இடத்தில் பகல் முழுக்கத் துளைத்தும் புழுதிதான் வந்தது. நிலத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அசரவில்லை.

"தண்ணி இருக்குது. மேல வர்றதுக்கு அதுக்கு இஷ்டமில்ல. நான் இன்னா பண்றது?"

அவர் வீட்டிலேயே தண்ணீர் கிடையாது. அண்ணி பக்கத்து வீட்டிலிருந்துதான் சுமப்பார். "ஏண்ணே, உங்க வூட்டுக்கு ஒரு பாயிண்ட்டு பாக்கக்கூடாதா?" என்று கேட்டேன்.

"டாக்டரு தனக்குத் தானே ஊசி போட்டுக்குவாரா?"

எனக்குச் சர்க்கரை வியாதி. வேளாவேளைக்கு எனக்கு நானேதான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

சென்னையில் அடுக்குமாடி கட்டும் ஒருவர், மெஷின் வைத்துப் பார்த்தும் தண்ணீர் கிடைக்காமல், அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். 'நாலு ஊர் சுத்தினவன்' என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனார் அண்ணன். எங்களுக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றில் ரூம். சாயங்காலம்தான் வேலை. மதியப் பசி. கீழேயே சாப்பாடு இருக்கிறதே என்று நான் ஊசியைப் போட்டுக்கொண்டேன். அதற்குள் அண்ணன் மெனு கார்டைத் திறந்துவிட்டார்.

"டேய், இந்த வெலைக்கு எங்க ஊர்ல ஆட்டையே புடிச்சிக்கினு போலாம்டா!"

"ரூம் கணக்குல எழுதிக்குவாங்கண்ணே."

"தண்ணி பாக்கப்போற எடத்துக்காரன் சோத்துல கை வெச்சா தேங்கா எழுந்துக்காது. அவன் மெத்தையில படுக்கலாம், சோறு கூடாது. வா, மீடியமா ஒரு மெஸ்ஸு பாக்கலாம்."

"ஊசி போட்டுட்டேன்ணே. அரை மணிக்குள்ள சாப்பிடணும்."

"அரை மணியில கெணறே காட்டுவேன்."

வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் மீடியம் விலையில் சாப்பாடு எங்கே என்று விசாரித்தேன். "தெரியாது சார். நான் வூட்லருந்து கட்டிக்கினு வர்றேன்" என்றார். போனில் தேடினேன். 'விலை குறைவு' என்று காட்டிய கடையில் காப்பியே என் அரைநாள் கூலி. திரும்பிப் பார்த்தால், அண்ணன் பையிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேணாம்ணே!"

"சாம்பார்ல பாதி தண்ணி. ரசத்துல முக்காவாசி தண்ணி. மோரு முழுக்கத் தண்ணி. தேங்காய்க்குத் தெரியாதா? வெல ஜாஸ்தின்னா கெட்டியா ஊத்துவான், படுத்துக்கும். வெல கம்மின்னா தண்ணியா ஊத்துவான், நட்டுக்கினு நிக்கும். பாதி எழுந்துச்சின்னா மீடியம்."

இதில் தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

அண்ணன் கையை நீட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தார். கார்கள் நின்றன. ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா பெரியவரே, முழு ரோட்டுக்குமா திருஷ்டி சுத்தறீங்க?" ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேங்காயைக் கும்பிட்டார்.

ஏசி பிரியாணிக் கடை வாசலில் தேங்காய் அசையாமல் படுத்திருந்தது. அடுத்த திருப்பத்தில் ஒரு தள்ளுவண்டி. சுடச்சுட எலுமிச்சை சாதம். தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

"அண்ணே, நின்னுடுச்சி! சாப்பிடலாம்!"

"முழுசா நிக்குது. ரொம்பக் கம்மி. நட!"

எனக்கு வியர்த்தது. விரல் நடுங்கியது. பட்டினி எனக்குப் புதிதில்லை. ஆனால் ஊசி போட்டபின் வருகிற பட்டினி வேறு ரகம், ஆளைச் சாய்த்துவிடும். பூக்காரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, தேங்கா நிக்கட்டும் படுக்கட்டும், நான் கீழ உழுந்துடப்போறேன்."

அண்ணன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அண்ணியைக்கூடத் தொட விடாத தேங்காய் அது. அதைப் பழக்கவே ஒரு வருஷம் ஆனதாகச் சொல்வார். பிளாட்பார விளிம்பில் ஒரே போடு! விரிசல் விட்ட பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரை என் வாயில் ஊற்றினார்.

"குடிடா. டேய், கண்ணை மூடாதடா."

"சக்கரைக்காரரா? எங்க வூட்டுக்காரும் இப்டிதான் பயமுறுத்துவாரு" என்று பூக்காரம்மா மடியிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தார். நடுக்கம் மெல்ல அடங்கியது. "இன்னாத்துக்குப்பா வெயில்ல அலையறீங்க?"

"மீடியமா ஒரு மெஸ்ஸு தேடறோம்மா."

"தோ, உங்க தலைக்கு மேல!"

அண்ணாந்து பார்த்தோம். முதல் மாடியில் மெஸ். போர்டில் இருந்த விலையும் மீடியம்தான். என்னைத் தாங்கிப் படியேற்றும்போதும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. "மாடியில கடை வெச்சா தேங்கா எப்டிடா காட்டும்? அது கீழதான பாக்கும்!"

சாயங்காலம் அடுக்குமாடிக்காரர், ஒரு மூட்டை தேங்காய் வாங்கித் தருவதாகக் கெஞ்சினார். "கடைத் தேங்காய்க்கு என்னைத் தெரியாதுங்க" என்றார் அண்ணன். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். என்னால் அவருக்கு வேலை போயிற்றே என்று முனகினேன்.

"அது பழைய தேங்காடா. ஒடைக்கணும்னுதான் இருந்தேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது எங்கள் வண்டி ஒடிசாவில் நிற்கிறது. தினமும் மதியம் அண்ணன் போன் வரும். "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்றதும் வைத்துவிடுவார்.

நான் சாப்பிட்டு முடித்தாலும், அந்தப் போன் வரும்வரை கை கழுவுவதில்லை.