அபாயம்! தக்காளி

“மறுபடியும் பறிச்சுட்டுப் போயிட்டானுக! இவனுகளுக்கெல்லாம் வெக்கமே இருக்காதா?”

அனுப்பர்பாளையத்தில் பத்துத் தையல் மிஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் மகுடேஸ்வரன், விடிந்ததும் விடியாததுமாக வீட்டுக்குப் பின்னால் நின்று கத்தினார். சித்திரை வெயிலில், குளித்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் ஊற்றி வளர்த்த தக்காளி, கத்தரிச் செடிகள். நேற்று சிவந்திருந்த தக்காளி ஒன்றையும் காணோம். மணத்தக்காளிச் செடியில் ஒரு பழம்கூட மிச்சமில்லை.

மதிலுக்கு அந்தப்பக்கம் ராபின், ரோஸ்மேரி தம்பதியின் வீடு. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். ரோஸ்மேரிக்கு இவர் கம்பெனியிலேயே செக்கிங் வேலை. அங்கிருந்து ரசம் கொதிக்கிற வாசனை வந்தது.

“என்ற தக்காளி!” என்று பல்லைக் கடித்தார்.

“ரசம் எல்லா ஊட்டுலயுந்தானுங்க வைப்பாங்க,” என்றாள் மனைவி இந்துமதி.

“நீ சும்மா இரு!”

பேக்கிங் அட்டையைக் கிழித்தார். மார்க்கரால் மண்டையோடு வரைந்தார். ‘அபாயம்! விஷ மருந்து அடித்தது. தொடாதே!’ என்று எழுதிச் செடிகளுக்கு நடுவில் நட்டார். மருந்தாவது, மண்ணாவது! வெறும் அட்டைதான்.

திருட்டு அன்றோடு நின்றது. ஆனால் அடுத்த வாரம் அவர் சாப்பாட்டு இலையில், கடையில் வாங்கிய கத்தரிக்காய் விழுந்தது.

“நம்ம தோட்டத்துல காய் இல்லையா?”

“போர்டைப் பார்த்தனுங்க.”

“அது பொய்டி!”

“பொய்யின்னு நீங்க சொல்றீங்க. மண்டையோடு அப்படிச் சொல்லலீங்களே!”

கொதித்துப்போய், காய்களைக் கூடையில் அள்ளிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தையல்காரர்களுக்கு நீட்டினார். ஒருவரும் கை நீட்டவில்லை. ரோஸ்மேரி எல்லோருக்கும் அந்த போர்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள். மறுநாள் கம்பெனி டீயைக்கூட யாரும் தொடவில்லை. இரண்டு டெய்லர்கள் வேலைக்கே வரவில்லை.

“காய் குடுத்தாத் தப்பா? இந்த ஊர்ல நல்ல மனுசனா இருக்கக் கூடாதா?”

சனிக்கிழமை சாயங்காலம் இந்துமதியின் அண்ணன் ஆறுச்சாமி உடுமலைப்பேட்டையிலிருந்து வந்தார். தன் தோட்டத்துக்குச் சாமான் வாங்க வந்தவர், ராத்திரி தங்கினார். அவரிடமாவது நியாயம் கேட்கலாமென்றால், சாப்பிட்ட கையோடு குறட்டை. காலையில் மகுடேஸ்வரன் எழுவதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

“மச்சானுங்கூட என்ற தக்காளிக்குப் பயந்து ஓடீட்டாரு!”

அத்தோடு பொறுமை போயிற்று. மதிலோரம் நின்று, தெருவையே கூப்பிட்டார்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!”

தக்காளியைப் பறித்துக் கழுவாமலே கடித்தார். இன்னொன்று. அதன்மேல் ஒரு கைப்பிடி மணத்தக்காளிப் பழம்.

“ஐயோ, அண்ணாச்சி விஷக்காயத் தின்னுட்டாவ!” ரோஸ்மேரி அலறினாள்.

ராபின் மதிலை ஒரே தாவாகத் தாவினான். “அண்ணாச்சி, பேசாதிய! பேசுனா விஷம் ஏறிரும்!”

“டேய், உடுடா! அது பொய் போர்டுடா!”

யார் கேட்டார்கள்? டிவிஎஸ் ஃபிப்டியில் உட்கார வைத்து, பின்னால் ஒருவன் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதே மகுடேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. வியர்த்து ஊற்றியது. ஆத்திரம் அப்படி.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க!” என்று டாக்டரிடம் கத்தினார்.

“இங்க வர்ற எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்றாங்க,” என்ற டாக்டர் மூக்கில் குழாயைச் செருகினார்.

சாயங்காலம், ஊசி ஏறிய கையோடு படுத்திருந்தபோது, இந்துமதி செல்லில் சொன்ன சேதி கேட்டு ஆறுச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். மகுடேஸ்வரன் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“இந்த அநியாயத்தக் கேளுங்க மச்சான்! திருட்டுப் பசங்கள மிரட்டப் பொய்யா ஒரு போர்டு வெச்சேன். அதை நம்பி, நல்லா இருக்கற மனுசனைத் தூக்கீட்டு வந்து குடலக் கழுவீட்டானுக! நாளைக்கே அந்த ராபின் மேல கேஸ் போடறேன்!”

ஆறுச்சாமியின் முகம் வெளுத்தது.

“போர்டு பொய்யிங்களா மாப்ள? மருந்தடிச்சும் புழு நெளியுதேன்னு, என்ற தோட்டத்துக்கு வாங்குன மருந்தை, காத்தால நாந்தானுங்க செடி சொட்டச் சொட்ட அடிச்சுட்டு பஸ் ஏறுனேன்!”