காத்துச் சாமியும் கவிழ்த்த சைக்கிளும்

மனுஷனுக்கு ஜாதகம் பார்த்துச் சலித்துப்போன ஊர், கடைசியில் சைக்கிளுக்குப் பார்க்க ஆரம்பித்தது.

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் மைதானம். பொழுது விடிந்தால் போதும், வரிசை கட்டிவிடும். வரிசையில் நின்றவை சைக்கிள்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வக்கீல்கள், வாத்தியார்கள், பேங்க் அதிகாரிகள். சைக்கிள்களாவது சொந்தக் காலில் நின்றன.

வரிசையின் முடிவில் காத்துச் சாமி. காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிறார் என்று பேச்சு. மதியம் அடுக்குக் கேரியரில் மணக்க மணக்க வந்து இறங்கும் காற்று எந்தத் திசைக் காற்று என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

மலை உச்சித் திருத்தலத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் முதலில் சாமியிடம் சக்கரத்தைக் காட்ட வேண்டும். பாதை கூப்பிட்டால்தான் போகலாமாம். கூப்பிட்டதா இல்லையா என்பது சாமியின் காதுக்குத்தான் கேட்குமாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அச்சுக்கு எண்ணெய் விடுவார். முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சக்கரம் ஓடி, தளர்ந்து, அப்படியும் இப்படியும் ஆடி நிற்கும். காற்றடிக்கும் வால்வுதான் சக்கரத்தின் வாய். வாய் வானம் பார்த்து நின்றால் பாதை கூப்பிடுகிறது. மண் பார்த்து நின்றால் நீங்கள் மண்ணைக் கவ்வப் போகிறீர்கள்.

எல்லார் சக்கரமும் மண்ணைத்தான் பார்த்தது. பாதைக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் என்ன கோபமோ!

"உள்ளே இருக்கிறது கெட்ட காத்து," என்பார் சாமி.

அவ்வளவுதான். காத்து, கருப்பு என்று தொட்டிலிலிருந்தே பயந்து வளர்ந்த ஜனம். பேய் புளியமரத்தை விட்டு டியூபுக்குக் குடிவந்துவிட்டது என்றால் நம்பாமல் என்ன செய்யும்? சாமி வால்வைத் திறப்பார். புஸ்ஸென்று கெட்ட காத்து வெளியேறும். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கும். பிறகு முணுமுணுத்தபடி மந்திரக் காத்து அடிப்பார். வாய்க்கு நேர் எதிர்க் கம்பியில் ஓர் ஈயத் தாயத்தைக் காவலுக்குக் கட்டுவார். மறுபடி சுழற்றினால் வாய் ஜம்மென்று வானம் பார்த்து நிற்கும். கூட்டம் கைகூப்பும். காணிக்கைத் தட்டு நிறையும்.

இந்த வரிசையில்தான் ஆமையும் நின்றாள்.

ஆமை என்பது சைக்கிள் சங்கம் அவளுக்கு வைத்த பெயர். அவளும் கணவரும் சேர்ந்து சலவைக் கடை நடத்தினார்கள். கணவர் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. மலைப் பயணத் திட்டம் முழுக்க ஆமை போட்டது. காலையில் கொஞ்ச தூரம். வெயில் ஏறினால் மரத்தடியில் தூக்கம். ஆறு வந்தால் காலை நனைத்துக்கொண்டு உட்கார்வது. கும்பிடுகிறவர்கள் போய்ச் சேர்ந்து கும்பிடட்டும், நான் வழியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கடை வைத்த நாள் முதல் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ட கனவு அது. சங்கம் அந்தக் கனவை வாங்கி, "புனிதச் சக்கரப் பெரும்பயணம்" என்று பேனர் அடித்துச் சாமியின் காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

அவள் சக்கரமும் மண்ணைப் பார்த்தது. கெட்ட காத்து போயிற்று, நல்ல காத்து ஏறிற்று, தாயத்தும் கட்டியாயிற்று. சாமி சுழற்றினார். சக்கரம் ஆடி நின்றது. வாய் மறுபடியும் மண்ணில்.

சாமியின் முகத்தில் ஒரு கணம் காத்து இறங்கியது. இன்னொரு தாயத்துக்குக் கை போனது, பாதியில் நின்றது. "ஒரு தாயத்தே போதும்" என்று பலகை எழுதி மாட்டியவரே அவர்தானே.

"அம்மா, பாதை உன்னை வேண்டாங்குது," என்றார் கடைசியில். "நீ போனா, கூட வர்றவங்களையும் சேர்த்துக் கவுத்துடும்."

கூட வருகிறவர்கள் உடனே ரெண்டடி தள்ளி நின்றார்கள். அவர்களில் கணவரும் ஒருவர்.

மறுநாள் கடையில் துணி மடித்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

"சங்கத்துல பேசிட்டோம்மா. நீ பஸ்ல வந்துடு. மலை அடிவாரத்துல பார்த்துக்கலாம்."

"ஏங்க, திட்டம் போட்டவ பஸ்ல, திருடிக்கிட்டவங்க சைக்கிள்லயா?"

"நான் என்னம்மா பண்றது? எல்லாருக்கும் வாய் மேல வந்துச்சு. உனக்கு மட்டும் வரலையே."

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் மடித்த துணி நனையும் என்று சலவை இயந்திரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்குள் ஒரே ஒரு நனைந்த போர்வை. உருளை சுழன்றது, தளர்ந்தது, அப்படியும் இப்படியும் ஆடி நின்றது. போர்வை அடியில் வந்து உட்கார்ந்தது. மறுபடி சுழன்றது. மறுபடியும் போர்வை அடியில்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் பார்த்துவரும் காட்சி.

போர்வைக்கு என்ன கெட்ட காத்தா?

கொல்லைப்பக்கம் போய்ச் சைக்கிளைக் கவிழ்த்தாள். மெதுவாகப் போகிறவள், இருட்டிவிடும் என்று சைக்கிள் கடையில் இருந்ததிலேயே பெரிய ரிஃப்ளெக்டரை வாங்கி வால்வுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருந்தாள். தாயத்தை விட்டுவிட்டு அதை மட்டும் கழற்றிச் சுழற்றினாள். வாய் வானத்தைப் பார்த்தது. மாட்டினாள். மண்ணைப் பார்த்தது. தனியாக நின்று சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"என் பாவம் கழண்டுடுச்சுங்க. ஸ்க்ரூடிரைவர்ல."

வழியனுப்பு விழா அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. நடுவில் மாலை போட்ட சாமியின் வெள்ளைச் சைக்கிள் கவிழ்ந்து நின்றது; அதன் சக்கரம் எப்போது சுழற்றினாலும் வாய் வானத்தைத்தான் பார்க்கும். ஆமை தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் கவிழ்த்தாள். ரிஃப்ளெக்டரையும் தாயத்தையும் கழற்றிக் கூடையில் போட்டாள். தாயத்து இருந்த இடத்தில் கடைச் சாவிக்கொத்தைக் கட்டினாள். சுழற்றினாள். வாய் வானத்தைப் பார்த்தது.

"பூட்டுச் சாவிக்கும் மந்திரம் தெரியுதே சாமி," என்றாள்.

வக்கீல் விடுவாரா? டியூபுக்குள் சாமி அடித்த நல்ல காத்து இருக்கிறது, வேலை செய்வது அதுதான், சாவி அல்ல என்று வாதாடினார். சாமியும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அங்கேதான் மாட்டினார்.

"சரி, காத்துதான் மந்திரம். தாயத்து சும்மா காவல். அப்போ எந்தக் கம்பியில கட்டினா என்ன? உங்க சைக்கிள்ல தாயத்தை வாய்க்குப் பக்கத்துல மாத்திக் கட்டுங்க. உள்ளே இருக்கிறது சுத்தமான காத்துதானே?" என்றாள் ஆமை.

சாமி அது தெய்வக் குற்றம் என்றார். நேரம் சரியில்லை என்றார். இரண்டுமே எடுபடவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்து, மாலையை ஒதுக்கித் தாயத்தை அவிழ்க்க ஆரம்பித்தார். ஆமையின் கணவர். முந்தின நாள் முழுக்க அவர் வெறும் இயந்திரத்தில் ஒற்றைப் போர்வையைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

மாற்றிக் கட்டினார். சுழற்றினார். சக்கரம் ஓடித் தளர்ந்து, ஆடி ஆடி நின்றது.

சாமியின் வாய் மண்ணில்.

"பாதை என்னைச் சோதிக்குது," என்றார் சாமி.

"பாதை இல்ல சாமி," என்றாள் ஆமை. "ஈயம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. காணிக்கை கொடுத்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிட்டே வருவதைப் பார்த்ததும், சாமி சைக்கிளை நிமிர்த்தி ஏறி மிதித்தார். பாதை கூப்பிடாத சைக்கிள், கெட்ட சகுனம் பிடித்த சக்கரம், சிட்டாய்ப் பறந்தது. கவிழவில்லை. இதைவிட நல்ல சோதனையை ஆமையாலும் யோசித்திருக்க முடியாது.

பயணம் கிளம்பியது. பேனரைச் சுருட்டி மரத்தடித் தூக்கத்துக்கு விரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆமை முன்னால் போனாள். அவளை முந்தக் கூடாது என்பதுதான் சங்கத்தின் புதிய விதி. பின்னால் வந்த வக்கீலின் சக்கரத்தில் தாயத்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டால், இருந்துட்டுப் போகட்டுமே என்றார்.

இருக்கட்டும். ஆனால் ஒன்று. காத்து டயருக்குள் இருந்தால் ஊர் போய்ச் சேரலாம். மண்டைக்குள் இருந்தால், பம்பு வைத்திருக்கிற எவனும் வந்து அடித்துவிட்டுப் போவான்.