பன்னிரண்டு சக்கர வண்டி

எல்லாம் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பந்தயம் நடந்தது மூன்று வெள்ளிக்கிழமைகளா நான்கா என்பதில் எனக்கே சந்தேகம். மூன்று என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை உதயகுமாருக்குப் பால் வேன் கிடைத்தது என்பது மட்டும் நிச்சயம்.

கம்ப்யூட்டர் திரையில் மற்றவர்களின் கார்கள் கடற்கரைச் சாலையில் பறந்துகொண்டிருந்தன. அவனுடைய வேன் முதல் வளைவிலேயே திணறியது.

"குருவே, போற வழியில எனக்கு அரை லிட்டர் போட்டுட்டுப் போ," என்றான் பக்கத்து மேஜை தருண்குமார்.

மைசூர் மேட்டகள்ளியில் இருந்த அந்த அலுவலகத்தில் எட்டுப் பேர். வாடிக்கையாளர்களின் போனை எடுக்கப் பண்டிகை நாளிலும் ஒருவர் இருந்தாக வேண்டும். விஜயதசமியன்று யார் என்று முடிவு செய்ய மேலாளர் கிருஷ்ணராஜ் இந்த ஆன்லைன் கார் பந்தயத்தை வைத்தார். மூன்று ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டிக் கடைசியாக வருபவருக்கு டியூட்டி.

உதயகுமாரின் மகள் மனிஷா இரண்டாம் வகுப்பு. அந்த வருடம் விஜயதசமியன்று நடக்கும் தசரா ஊர்வலத்தில் கோலாட்டம் ஆடப்போகிறாள். "அப்பா, நீ ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிப்பே?" என்று தினமும் கேட்டாள். அவன் தினமும் "இந்தப் பக்கம்" என்று வலது கையைக் காட்டினான்.

யாருக்கு எந்த வண்டி என்பதை விளையாட்டே குலுக்கிப் போட்டுவிடும். ஆனால் ஒத்திகையில் கிருஷ்ணராஜுக்கே நல்ல கார் வந்துவிட்டது. தருண்குமார் சத்தம் போட்டான்.

"சரி, பொன்னம்மாவைக் கூப்பிடுங்க," என்றார் கிருஷ்ணராஜ். "அவங்களுக்குக் காரும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. இனிமே அவங்கதான் குலுக்கல்."

பொன்னம்மா அங்கே டீ போடுபவள். ஊர் கோபிநத்தம். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, திரையில் இருக்கும் வண்டிப் படங்களில் ஒன்றை விரலால் காட்டுவாள். இதைவிட நேர்மையான முறை கிடையாது என்று எட்டுப் பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி ரூபா யோசித்துச் சொன்னாள்: "அந்தம்மா மனசைக் குளிர வைங்க. கை தானா நல்லதைக் காட்டும்."

"டீ குடிச்ச டம்ளரைக் கழுவித் திருப்பிக் குடுக்கிற ஒரே ஆளு நான்தான்."

"அது பத்தல போல."

திங்கட்கிழமை இரண்டு முழம் மல்லிகை வாங்கிப் போனான். பொன்னம்மா சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவனுக்கு மணல் லாரி.

"லோடு எங்க இறக்கணும் சார்?" என்றான் தருண்குமார். அவனுக்கு இந்த முறையும் சிவப்பு ரேஸ் காரே வந்திருந்தது. டீ இரண்டு நிமிடம் தாமதமானால் அலுவலகமே அதிரக் கத்துகிறவன் அவன்.

அடுத்த வாரம் லிஃப்ட் ரிப்பேர். உதயகுமார் மூன்று மாடிக்கும் பால் கேனைச் சுமந்தான். பொன்னம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தான்.

"உங்கள மாதிரி மனுசனுக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாதுங்க சார்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

உதயகுமாருக்கு நம்பிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை அவன் பெயரை வாசித்ததும் பொன்னம்மா திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டு சக்கர டிரெய்லரைக் காட்டினாள்.

அது முதல் வளைவில் திரும்பவே இல்லை. குறுக்காக நின்றது. அவன் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது மற்றவர்கள் டீ குடித்து முடித்திருந்தார்கள்.

அன்று மாலை மனிஷா எதுவும் கேட்கவில்லை. ரூபா முன்பே சொல்லிவிட்டிருந்தாள்.

விஜயதசமியன்று அலுவலகத்தில் உதயகுமார் இருந்தான். அவனுக்கு டீ போடப் பொன்னம்மா வந்திருந்தாள். போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. டிவியில் ஊர்வலம் போனது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் பொன்னம்மா," என்றான் கடைசியில், "மூணு வாரமும் எனக்கு மட்டும் அந்த மாதிரி வண்டி வந்துச்சே. நீங்க பாக்காமத்தானே காட்டினீங்க?"

"பாக்காம எப்படிங்க சார்?" பொன்னம்மாவுக்கு வருத்தமாகிவிட்டது. "எங்கூருப் பாதையில ஆனை குறுக்கே வருமுங்க. சின்னக் காருன்னா ஒரே மிதி, சப்பளிஞ்சு போயிரும். லாரின்னா ஆனையே ஒதுங்கிக்கும். பொண்ணு பெத்த மனுசன், டம்ளரு கழுவிக் குடுக்குறீங்க. உங்களப் போயி அந்தச் செவப்புக் காருல அனுப்புவனுங்களா? அது அந்தக் கத்துற தம்பிக்குப் போதுமுங்க."

மனிஷா நன்றாக ஆடினாள் என்றார்கள். ரூபா எடுத்த வீடியோவில் முன்னால் நின்றவரின் முதுகும் கோல் சத்தமும் இருந்தன. தருண்குமார் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். கிருஷ்ணராஜ் அடுத்த வருடமும் அதே முறையை வைத்தார். அந்தத் தடவை உதயகுமார் பந்தயத்துக்கு முன் ஒரு வாரம் டம்ளரைக் கழுவாமல், யாரிடமும் சிரிக்காமல் இருந்து பார்த்தான். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்த பொன்னம்மா, வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸைக் காட்டினாள்.