வேட்டி அழுக்காகாமல் ரூட்டர் பார்த்த கதை

கல்யாணமான முதல் வருஷம் ஒரு மாப்பிள்ளை எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்குக் கிளம்பினாலும் மாமனார் வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். தண்ணீர் கேட்டால் மோர் வரும். மோர் கேட்டால் சர்பத் வரும். கிணற்றில் குதிக்கப் போகிறேன் என்றால், "வெயில் தாழக் குதிக்கலாமே மாப்பிள்ளை" என்று துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி ஒரு துண்டை வாங்கிக்கொண்டு நானும் ஒருநாள் குதித்தேன். கிணற்றில் அல்ல, பட்டாசு ஆலையில்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்போது மதுரையில், இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று சொல்வதுதான் மொத்த வேலையும். பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா இதை 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. (மறுத்திருந்தால் தனம் கிடைத்திருக்க மாட்டாள். ஆகவே அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.)

தனத்தின் அப்பா, அதாவது என் மாமா, விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். கல்யாணமான முதல் ஆடிக்கு எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்குப் புது வேட்டி, சட்டை எடுத்து வைத்திருந்தார்கள். தீபாவளி சீசன் சூடுபிடிக்கும் நேரம், மாமாவுக்கு மூச்சு விட நேரமில்லை. இருந்தாலும் மாப்பிள்ளைக்காக அரை நாள் லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இலையில் உட்கார்ந்திருந்தார். பாயசம் வரும்போது அவருக்கு ஃபோன் வந்தது.

"லாரி அங்கனயே நிக்குதா? பில்லு வரலையா? சரி, நா வாரேன்."

பாதிச் சாப்பாட்டில் கையை உதறினார். அத்தை பதறிப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து ஆலை அலுவலகத்தில் பில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பில் இல்லாமல் லாரி வாசலைத் தாண்ட முடியாது. வடக்கே போகிற லோடு அது, சாயங்காலத்துக்குள் கிளம்பியாக வேண்டும். போன வாரமும் இதே மாதிரி ஒரு லோடு தாமதமாகி, "இன்னொரு தடவ லோடு நின்னுச்சுன்னா வேற ஃபோர்மேன் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

"நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை. அது என்னமோ ரூட்டராம். அதுல கோளாறாம்."

ரூட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டில் இருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. என் உண்மையான வேலை என்னவென்று தனம் ஒருத்திக்குத்தான் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். நான் அதைப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் வந்து பார்க்கிறேன் மாமா" என்றேன்.

"விருந்துக்கு வந்த எடத்துல ஒங்கள எப்படி..." என்று இழுத்தாரே தவிர, அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தை ஒரு தூக்குவாளியில் முறுக்கும் ஃப்ளாஸ்கில் காபியும் கொடுத்து அனுப்பினார்.

ஆலை வாசலில் முதல் அடி விழுந்தது. வாட்ச்மேன் பணிவாகக் கையை நீட்டி என் செல்ஃபோனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பட்டாசு ஆலைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, அது விதி. அப்புறம் அங்கே பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொடச் சொன்னார், உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிட வேண்டுமாம். மின்சாரத்தோடு சேர்ந்து என் அறிவும் அங்கேயே இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் முழுவதும் அந்த ஃபோனில் தேடி எடுப்பதுதான்.

அலுவலகம், மருந்து அறைகளிலிருந்து தள்ளி வாசலை ஒட்டியே இருந்தது. மாமா என்னை அங்கே விட்டுவிட்டு லோடு ஏற்றுகிற இடத்துக்குப் போனார். பில் போடுகிற காதர் அண்ணன் நாற்காலியைத் தட்டித் துடைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"இம்புட்டையும் மாட்டிவிட்ட பையன் துபாய்க்குப் போயிட்டான் மாப்பிள்ளை. எது எதுல போவுதுன்னு அவனுக்குத்தான் வெளிச்சம்."

ரூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் யுஎஸ்பி துளையிலிருந்து ஒரு கிளைப்பெட்டி, அதிலிருந்து நாலு வயர்கள். எடை மெஷினும் பில் பிரிண்டரும் மேஜைமேலேயே இருந்தன. இன்னொரு வயர் வாசலில் எழுத்து ஓடும் மின்பலகைக்குப் போயிற்று. கடைசி வயர் சுவரைத் துளைத்து வெளியே எங்கேயோ போனது. அந்தக் காலத்து ஒன்பது ஊசி சீரியல் வயர்கள் அவை. ஒவ்வொன்றின் நுனியிலும் அதை யுஎஸ்பியாக மாற்றும் ஒரே மாதிரியான குட்டி டப்பா இருந்தது.

என் தொழில் தர்மப்படி முதலில் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அதுவரை வந்துகொண்டிருந்த இணையமும் போய்விட்டது. ("அது கொஞ்ச நேரத்துல வந்துரும்" என்றேன். அன்று முழுக்க வரவில்லை.) கம்ப்யூட்டரில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால், மாட்டியிருக்கும் சாதனங்கள் என்று நாலு வரி காட்டியது. நாலுக்கும் ஒரே பெயர். பின்னால் ஒட்டியிருக்கும் எண் மட்டும்தான் வேறு, பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு, மூன்று. எதற்கு எந்த எண் என்பதும் நிரந்தரம் கிடையாது. ரூட்டர் கண்விழிக்கும்போது எது முந்திக்கொள்கிறதோ அதற்குப் பூஜ்ஜியம். கரண்ட் போய் வந்ததில் ஏற்கெனவே கலைந்திருந்த வரிசையை நான் இன்னொரு முறை கலைத்திருந்தேன்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு வயரை உருவினால் வரிசையில் ஒரு எண் மறையும், அந்த எண்தான் அந்தச் சாதனம். ஆனால் அதற்கு மேஜைக்கு அடியில் தவழ வேண்டும். அங்கே பல வருஷத்துத் தூசி படிந்து கிடந்தது. நான் லேசாகக் குனிந்ததுமே காதர் அண்ணன் அலறிவிட்டார்.

"ஐயய்யோ, புது வேட்டி! நீங்க குனியலாமா? ஒங்க மாமா என்னைய உசுரோட விடமாட்டாரு."

உண்மையில் எனக்கும் குனிய மனமில்லை. மாப்பிள்ளை என்பவன் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செய்தி அனுப்புவோம், எது துள்ளுகிறதோ அதுதான் அது என்று முடிவு செய்தேன்.

பூஜ்ஜியத்துக்கு ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' அனுப்பினேன். எடை மெஷினில் சிவப்பாக ஏதோ மின்னி மறைந்தது. ஒன்றுக்கு அனுப்பினேன். வாசலிலிருந்து வாட்ச்மேன் சத்தம் போட்டார்.

"காதரண்ணே, போர்டுல வணக்கம்னு ஓடுது!"

பாதுகாப்பு வாசகம் ஓட வேண்டிய பலகையில் என் வணக்கம் ஓடியது. காதர் அண்ணன் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். கொழுப்பு யாரை விட்டது? 'மாப்பிள்ளை டெஸ்ட்' என்று இன்னொன்றையும் ஓடவிட்டு, ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் எத்தனை வணக்கம் வைத்தும் பதிலில்லை. இரண்டில் ஒன்றுதான் பிரிண்டர். இவ்வளவு நீளமாகக் கேட்டால் பழைய மெஷின் முழிக்கும், ஒரே ஒரு எழுத்து அனுப்பிப் பார்ப்போம் என்று இரண்டுக்கு '1' அனுப்பினேன். ஒன்றும் இல்லை. மூன்றுக்கு '1' அனுப்பினேன்.

சைரன் அலறியது.

ஏதோ ஷிஃப்ட் முடிகிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் காதர் அண்ணன் அங்கே இல்லை. அவர் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பதறி எழுந்ததில் முழங்கால் மேஜையில் இடித்து, மேலே இருந்ததெல்லாம் குலுங்கியது. நிறுத்த வேண்டும் என்று மறுபடி '1' அனுப்பினேன். மறுபடியும். மறுபடியும். (சுவரைத் துளைத்துப் போன வயரின் மறுமுனையில் இருந்த சைரன் பெட்டிக்கு ஒன்று என்றால் அலறு, பூஜ்ஜியம் என்றால் நிறுத்து என்பதைப் பிற்பாடு சொன்னார்கள். அவசரத்துக்கு முதலாளி வீட்டிலிருந்தே அமுக்கத் தோதாக மாட்டிவைத்ததாம்.)

வெளியே ஓடினேன். அந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அறை அறையாகப் பெண்கள் வெளியே வந்து திடலைப் பார்த்து ஓடினார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. எல்லோரும் வெளியே ஓட, மாமா மட்டும் விருந்துக்குப் போட்ட சட்டையோடு, வெறுங்காலோடு உள்ளே ஓடினார். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் அவரைத் துரத்திக்கொண்டு, "மாமா, ஒண்ணுமில்ல, நான்தான்" என்று கத்தியது சைரனில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசி ஆளும் திடலுக்கு வந்த பிறகுதான் அவர் போய்க் கம்பத்தில் இருந்த சாவியைத் திருப்பிச் சத்தத்தை நிறுத்தினார்.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. பைக்கிலும் சைக்கிளிலும் நடையிலும் வந்தார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களின் வேன் டிரைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வண்டியும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே தனம் குதித்து இறங்கினாள். கையெல்லாம் மாவு. ஓடிப்போய் அவள் அப்பாவின் முகத்தையும் தோளையும் கையையும் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

முதலாளியின் கார் வந்து நின்றது.

"யாருய்யா சைரனப் போட்டது?"

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். காதர் அண்ணன் காதில் ஓதியதில் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"நாந்தான் மொதலாளி. சீசன் நேரம். எல்லாரும் ஒழுங்கா வெளிய வாராகளான்னு ஒரு ஒத்திகை பாத்தேன்."

"லோடு நிக்கிற அன்னைக்கா? என்னையக் கேக்காமயா?"

மாமா தலைகுனிந்து நின்றார். மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் வேலையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையான நானோ கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கி நின்றேன். முதலாளி எரிச்சலோடு வாசல் பக்கம் திரும்பினார். பலகையில் சிவப்பு எழுத்துகள் நிதானமாக ஊர்ந்தன. 'மாப்பிள்ளை டெஸ்ட். மாப்பிள்ளை டெஸ்ட்.' அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"சார், நான்தான். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவர் மேல தப்பே இல்ல."

"நீங்க யாரு? என்ன வேல பாக்கீக?"

ஊரே பார்த்தது. "ஃபோன்ல... ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்ற வேலை சார்" என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளையை எந்த வார்த்தையில் திட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த இடைவெளியில் மாமா பேசினார்.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். கோடி ரூமுல பின்வாசல அட்டப்பெட்டி அடுக்கி அடைச்சுக் கெடக்கு. புள்ளைக எல்லாம் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு வந்துச்சுக. நெசமா இருந்தா என்ன ஆகும்?"

முதலாளி நேராக அந்த அறையைப் பார்த்து நடந்தார். சற்று நேரத்தில் பெட்டிகள் வெளியே வரத் தொடங்கின. முதல் பெட்டியை அவரே தூக்கி வந்தார்.

அப்போது காதர் அண்ணன் அலுவலகத்திலிருந்து கத்தினார். "பிரிண்டர் ஓடியிருக்குண்ணே!"

போய்ப் பார்த்தால் பிரிண்டர் நீளமாகக் காகிதத்தைத் துப்பிவைத்திருந்தது. அத்தனையும் நான் அனுப்பிய வணக்கங்கள். அதன் மூடி காலையிலிருந்து சரியாக மூடாமல் இருந்திருக்கிறது, என் முழங்கால் மேஜையில் இடித்தபோது மூடிக்கொண்டிருக்கிறது. அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை முழங்காலால் செய்ததுதான். பிரிண்டரின் எண் இரண்டு என்பதும் தெரிந்துவிட்டதால், வெயில் சாய்வதற்குள் பில் போட்டு லாரி கிளம்பியது. மாமாவின் வேலையும் தப்பித்தது.

வேலைக்கு வந்த பெண்கள் யாரும் அன்று மறுபடி அறைக்குள் போகவில்லை, கிளம்பிவிட்டார்கள். போகிற போக்கில் ஒரு அக்கா, "நல்லா இருங்க தம்பி, அரை நாள் லீவு வாங்கிக் குடுத்தீக" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் வந்த இன்னோர் அம்மா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு ஓடி வந்திருந்த மகளைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அத்தை வழக்கம்போல வடை வைத்தார், அதிலும் ஒன்று கூடுதலாக வைத்தார். தனம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"சைரன் கேட்டதும் எனக்கு எங்கப்பா மொகம்தான் வந்துச்சு. நீங்களும் அங்கனதான் இருந்தீகன்னு நீங்க மொதலாளிகிட்டப் பேசுனப்புறந்தான் நெனப்பே வந்துச்சு. கோவிச்சுக்கிடாதீக."

கோபித்துக்கொள்ளும் நிலையிலா நான் இருந்தேன்?

அதற்குப் பிறகு அந்த ஆலையில் மாதாமாதம் ஒத்திகை வைக்கிறார்கள். அதற்கு ஊரில் 'மாப்பிள்ளை சைரன்' என்று பெயர். விஸ்வநத்தத்தில் எப்போது அந்தச் சத்தம் கேட்டாலும், அடுப்பை அணைத்துவிட்டு அத்தை முதலில் செய்வது எங்கள் வீட்டுக்கு ஃபோன் போடுவதுதான்.

"ஏட்டி தனம், மாப்பிள்ளை எங்கன இருக்காரு?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற வேடிக்கை இது. நானும் சிரிப்பேன். ஆனால், "இங்க மதுரையிலதாம்மா இருக்காரு" என்று தனம் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே வராது. மாமா ஆலையிலிருந்து ஃபோன் பண்ணி ஒத்திகைதான் என்று சொல்கிறவரை தனமும் ஃபோனைக் கீழே வைக்க மாட்டாள். அந்த நேரத்தில் நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் அங்கேதான் இருக்கிறேன், ஏதோ ஒரு பித்தானைத் தட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாதா என்று ஏங்குவேன்.